ரயில் பூச்சிக் குட்டிகள்: தாயோடு விடுவதா, தனியே பிரிப்பதா?

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் கிணற்றடி, மாட்டுக்கொட்டகை, வாழைக்கொல்லை என்று கால் வைக்கும் இடமெல்லாம் மரவட்டை என்கிற ரயில் பூச்சிதான். அதில் நாலைந்தைப் பிடித்து, டப்பாவில் மண்ணும் சருகும் போட்டு வளர்ப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டு. சில வீடுகளில் பெரியவர்களுக்கும் அது தொற்றிக்கொள்கிறது. பெரிய பூச்சிகளை வளர்ப்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் அதுபாட்டுக்கு இருக்கும். யோசனை வருவது குட்டி பிறந்த பிறகுதான். தையிலோ மாசியிலோ மண்ணைக் கிளறும்போது வெள்ளை நூல் துண்டு மாதிரி எதுவோ நெளியும். அதைத் தாயோடு விட்டுவைப்பதா, தனியே எடுத்து வளர்ப்பதா? பிளாஸ்டிக் டப்பாவா, மண்சட்டியா? எந்த மண், எந்தச் சருகு?

இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. பெட்டியைச் சூடாக வைத்திருப்பது எப்படி என்பதிலேயே பாதி போய்விடும். சித்திரை வெயிலில் மன்னார்குடியில் உட்கார்ந்து அதைப் படித்தால் சிரிப்புத்தான் வரும். நமக்குத் தலைவலி வேறு. கோடையில் வெயில், மழைக்காலத்தில் பூஞ்சை, வருஷம் முழுக்க எறும்பு, அப்புறம் சுற்றிலும் வயலில் அடிக்கும் மருந்து. எதை எதோடு ஒப்பிட்டாலும் இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். உடம்பு உருண்டையாக, துருப்பிடித்த இரும்பின் நிறத்தில், விரல் நீளத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் அது டிரிகோனியூலஸ் கொராலினஸ் ஆக இருக்கலாம். தோட்டத்து மட்கில் அதிகம் கிடைப்பது இதுதான். கறுப்பு உடம்பில் முதுகு நெடுகச் சிவப்புக் கோடும் சிவந்த கால்களும் இருந்தால் ஜீனோபோலஸ் கார்னிஃபெக்ஸ். கீற்றுக் கூரை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இற்றுப்போன கீற்றில் கூட்டமாகத் தங்கி, மழை நாளில் பொத்துப்பொத்தென்று பாயில் விழும். இந்த இரண்டுமே குட்டி வளர்க்கத் தோதானவை. முதுகு தட்டையாக, பக்கவாட்டு முனைகள் மஞ்சளாக இருக்கும் சின்ன வகை ஒன்றும் உண்டு. தொந்தரவு செய்தால் அது ஹைட்ரஜன் சயனைடு கலந்த திரவத்தை விடும். நம்மை ஒன்றும் செய்யும் அளவு இல்லை. ஆனால் காற்றோட்டம் இல்லாத சின்ன டப்பாவில் மற்றப் பூச்சிகளுக்கு ஆகாது, அதைச் சேர்த்துப் போடாதீர்கள். உருண்டை வகைகள் விடுவது குயினோன் சேர்ந்த திரவம். விரலில் பழுப்புக் கறை சில நாள் நிற்கும், கண்ணில் பட்டால் நன்றாக எரியும். பிள்ளைகள் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்காமல் கை கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு சாணுக்கு மேல் நீளமாக வளரும் ஆப்பிரிக்க வகையை வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். உயிருள்ள விலங்கை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அரசு அனுமதி வேண்டும். காகிதம் இல்லாமல் கைமாறுவதை வாங்காமல் இருப்பது நல்லது. அதேபோல் கோடியக்கரை சரணாலயம் மாதிரியான இடங்களிலிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது. நம் கொல்லையில் இருப்பதே போதும்.

குட்டிக்கு என்ன வேண்டும்

முட்டையிலிருந்து வெளிவந்து நடக்கத் தொடங்கும் குட்டிக்கு மூன்றே சோடிக் கால். மேற்கு ஆஸ்திரேலியாவில் கண்டெடுத்து 2021இல் விவரிக்கப்பட்ட ஓர் இனத்துக்கு 1306 கால் இருந்தது. நம் ஊர் வகைக்கு அவ்வளவு இல்லை, ஆனாலும் ஆறிலிருந்து நூற்றுக்கணக்குக்குப் போயாக வேண்டும். ஒவ்வொரு தடவை சட்டை உரிக்கும்போதும் வால் பக்கத்தில் புது வளையங்கள் சேரும், அவற்றில் கால்கள் வரும். ஆக, குட்டிப் பருவம் முழுக்கச் சட்டை உரிப்பதுதான் அதன் வேலை.

உரிப்பதற்கு முன் மண்ணுக்குள் இறங்கி, தன் உடம்புக்கு அளவாகச் சின்ன அறை செய்துகொள்ளும். அதற்குள் சுருண்டு, அசையாமல் பல நாள் கிடக்கும். அந்த நேரத்தில் உடம்பு வெளுத்து, தொட்டால் நசுங்கும் பதத்தில் இருக்கும். அறை உடைந்தால் பெரும்பாலும் பிழைக்காது. உரித்து முடித்ததும் தன் பழைய தோலையே தின்னும். ஓட்டில் சேர்ந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழி அது. உரித்த தோலைக் குப்பை என்று எடுத்துப் போடுகிறவர்கள் குட்டியின் சாப்பாட்டில்தான் கை வைக்கிறார்கள்.

இன்னொரு விஷயம், பெரிய பூச்சிகள் போடும் புழுக்கை. பழைய டப்பாவின் மண்ணை ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பாதிக்குப் பாதி சின்னச் சின்ன நீள்உருண்டைகளாக இருக்கும். மண்ணாகத் தெரிவதில் பெரும்பங்கு அந்தப் புழுக்கைதான். சருகையும் கட்டையையும் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் குட்டியின் வயிற்றுக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் இதைத் தின்பதால். அந்த உருண்டைகளுக்கு நடுவே, கடுகளவு இடத்தில் பாதி வட்டமாக வளைந்து, கண்ணாடி மாதிரி வெளுத்துக் கிடப்பதுதான் குட்டி. முதல் பார்வைக்குத் தெரியாது. கையை ஆட்டாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் ஒன்றிரண்டு நகரத் தொடங்கும்.

மூன்று வழிகள்

முதல் வழி, எதையும் தொடாமல் அப்படியே விடுவது. ரயில் பூச்சி தன் குட்டியை வேட்டையாடித் தின்னும் இனம் இல்லை. அதனால் இது பலரும் பயப்படுகிற அளவுக்கு ஆபத்தான வழி அல்ல. குட்டிக்கு வேண்டிய மண், புழுக்கை, ஈரம் எல்லாம் அங்கேயே இருக்கிறது. ஆபத்து நெருக்கடியில்தான். பெரியவை மண்ணைத் துளைத்துக்கொண்டு போகும்போது குட்டி சட்டை உரிக்கும் அறையையும் இடித்துக்கொண்டு போகும். போகிற வழியில் முட்டையிருக்கும் மண்ணுருண்டையையும் சேர்த்துத் தின்றுவிடும். பெட்டி பெரிதாக, மண் ஆழமாக, பெரிய பூச்சி நாலைந்துக்கு மேல் போகாமல் இருந்தால் இந்தச் சேதம் கவலைப்படும் அளவுக்கு இராது. கையகல டப்பாவில் பத்துப் பதினைந்து பெரியவை கிடந்தால் குட்டி தேறுவது கடினம்.

இரண்டாவது, குட்டிகளைப் பொறுக்கி வேறு டப்பாவில் போடுவது. பார்க்கச் சுத்தமான ஏற்பாடாக இருக்கும். எத்தனை இருக்கின்றன, எவ்வளவு வளர்ந்திருக்கின்றன என்று கணக்கு வைக்கலாம். பிள்ளைகளுக்குக் காட்டலாம். பெரும்பாலான குறிப்புகள் இதைத்தான் சொல்கின்றன. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பொறுக்குவதற்காக மண்ணைக் கிளறும்போதே, கண்ணுக்குத் தெரியாமல் அறைக்குள் சுருண்டு கிடக்கும் குட்டிகளை அழித்துவிடுகிறோம். கையில் கிடைப்பவை மேலே திரியும் சில மட்டுமே. போதாக்குறைக்கு அவற்றைப் புது மண்ணில் கொண்டுபோய்ப் போடுகிறோம். அங்கே புழுக்கையும் இல்லை, பழகிய ஈரமும் இல்லை.

மூன்றாவது வழியை அதிகம் பேர் யோசிப்பதில்லை. குட்டிகளை விட்டுவிட்டுப் பெரியவற்றை வெளியே எடுப்பது. பெரியவை ராத்திரியில் மேலே வரும். சாயங்காலம் வெள்ளரித் துண்டு ஒன்றை மண்ணின்மேல் வைத்துவிட்டு, ஒன்பது மணிக்கு மேல் டார்ச் அடித்துப் பார்த்தால் துண்டைச் சுற்றி நிற்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் புதுப் பெட்டிக்கு மாற்றுங்கள். மண்ணைக் கிளற வேண்டிய வேலையே இல்லை. ஒரே ராத்திரியில் எல்லாம் வந்துவிடாது, ஒன்றிரண்டு சட்டை உரிக்க உள்ளே போயிருக்கும். வரும்போது எடுத்துக்கொள்ளலாம், அவசரம் இல்லை. பெரியவை புது மண்ணைத் தாங்கும், இருந்தாலும் பழைய மண்ணில் ஒரு பிடி அதிலும் கலந்துவிடுங்கள். குட்டிகளுக்குப் பிறந்த இடமே வீடாகிவிடும்.

என்னைக் கேட்டால், இடம் இருக்கிற வீட்டில் முதல் வழி, இடம் இல்லாத வீட்டில் மூன்றாவது வழி. இரண்டாவதைக் கையிலெடுக்க வேண்டிய சமயங்களும் உண்டு. பூரான் உள்ளே புகுந்துவிட்டாலோ, தண்ணீர் அதிகமாகி மண் புளித்து நாற்றம் அடித்தாலோ வேறு வழியில்லை. அப்போதும் குட்டியைத் தனியாகப் பொறுக்காமல், மண்ணைக் கட்டியோடு கரண்டியால் அள்ளி மாற்றுவதுதான் முறை. நண்பருக்குக் கொஞ்சம் கொடுப்பதானாலும் அப்படியே மண்ணோடு அள்ளிக் கொடுங்கள்.

எல்லாவற்றையும் கொல்லையில் கொட்டிவிடுவது நாலாவது வழி. பிடித்தது அதே கொல்லையில்தான் என்றால் அதில் தப்பே இல்லை. வேறு ஊரில் பிடித்ததை இங்கே விடுவதுதான் கூடாது.

டப்பாவா, சட்டியா

மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா எந்தப் பாத்திரக் கடையிலும் கிடைக்கும், விலையும் அதிகம் இல்லை. ஈரத்தை நன்றாகப் பிடித்து வைக்கும். பக்கவாட்டில் பார்த்தாலே குட்டி தெரியும், அதனால் கிளறிப் பார்க்கும் ஆசை குறையும். இது சின்ன லாபம் இல்லை. ஈரம் பிடிக்கும் அதே குணம் கார்த்திகையில் எதிரியாகிவிடும். வெளியிலும் காற்று ஈரம், உள்ளேயும் ஈரம் என்றால் மூடியில் தண்ணீர் கோத்து, சருகெல்லாம் பூஞ்சை படரும். எதிரெதிர்ப் பக்கங்களில், ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாகத் துளை போட்டால் காற்று ஓடும். மூடியில் மட்டும் போட்டால் போதாது. துளை ஊசி முனைக்கு மேல் பெரிதாக இருந்தால் உள்பக்கம் மெல்லிய துணி ஒட்டிவிடுங்கள். கொசுவலைக் கண்ணில் புதுக்குட்டி நுழைந்து போய்விடும்.

மண்சட்டியின் குணம் இதற்கு நேர்மாறு. சுடுமண் சுவர் வழியாக ஈரம் கசிந்து வெளியே ஆவியாகும், அதனால் உள்ளே குளிர்ச்சி. பானைத் தண்ணீர் குளிர்வது இதனால்தான். பங்குனியிலிருந்து வைகாசி வரை தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இது நன்றாக வேலை செய்யும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்காற்றிலேயே ஈரம் இருப்பதால் அவ்வளவு குளிர்ச்சி கிடைக்காது. மழைக்காலத்தில் எந்த ஊரிலும் குளிர்ச்சி என்று பெரிதாக இருக்காது, பூஞ்சை தொல்லை மட்டும் குறையும். குறை என்னவென்றால், கோடையில் கவனிக்காமல் விட்டால் ஓரத்து மண் சீக்கிரம் காய்ந்துவிடும். புதுச் சட்டியை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்த பிறகு மண் போடுங்கள். வெயில் காலத்தில் நனைத்த சாக்கைச் சுற்றிக் கட்டி, சாக்கில் தண்ணீர் தெளியுங்கள். உள்ளே ஊற்றுவதைவிட அது நல்லது. வாயைப் பழைய வேட்டித் துணியால் மூடிக் கட்டிவிட வேண்டும். சொரசொரப்பான சுவரில் இவை சுலபமாக ஏறும்.

கண்ணாடி மீன் தொட்டி பார்க்க அழகு. கனம், விலை, பக்கவாட்டுக் காற்று இல்லை என்று மூன்று குறை. குட்டிக்கு அது தேவையே இல்லை. ஐஸ் மீன் வரும் தெர்மாகோல் பெட்டி வெயிலைத் தடுக்கும் என்பது உண்மைதான். உப்பும் மீன் வாடையும் போகிறவரை கழுவிக் காயவைக்கப் பொறுமை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டு வீட்டில், வெயில் படாத உள் தாழ்வாரம் இருந்தால் பிளாஸ்டிக் டப்பா போதும். தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மேல்மாடிக் கான்கிரீட் அறை என்றால் கோடை மூன்று மாதம் சட்டிதான். குட்டி இருக்கும் டப்பாவை நடுவில் சட்டிக்கு மாற்றுவதும் கிளறுவதில்தான் சேரும். அதற்குப் பதில், பெரிய மண்தொட்டி ஒன்றுக்குள் ஈரமணல் போட்டு, டப்பாவை அப்படியே அதில் இறக்கி வைத்துவிடலாம். டப்பாவின் துளைகள் மணலுக்கு மேலே நிற்க வேண்டும்.

மண்ணும் சருகும்

இங்கேதான் டெல்டாக்காரர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். வயல் பக்கத்திலேயே இருக்கிறது, வண்டல் மண் என்றால் சத்து என்று கூடையில் அள்ளி வந்துவிடுகிறார்கள். நெல்லுக்கு ஏற்ற மண் குட்டிக்கு ஏற்றது அல்ல. களி அதிகம். நனைந்தால் பிசின் மாதிரி ஒட்டும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், அறை செய்ய இடம் கொடுக்காது. அதைவிடப் பெரிய ஆபத்து குருணை மருந்து. குறுவை, தாளடி என்று வரிசையாகப் பயிர் வைக்கும் நிலத்தில் என்னென்ன போட்டிருப்பார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. வரப்பு ஓரத்துச் சருகையும் அதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள். பூச்சியைக் கொல்லும் மருந்து பூச்சி மாதிரி இருப்பதையும் கொல்லும்.

அடுத்தது தேங்காய் நார்த்தூள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும், கட்டியாகவும் விற்கிறார்கள். ஈரத்தை நன்றாகப் பிடிக்கும், லேசானது, மருந்துப் பயம் குறைவு. ஆனால் குட்டிக்கு அதில் சாப்பாடு இல்லை. மண்ணையே தின்று வளரும் உயிருக்கு அதை மட்டும் கொடுத்தால் வயிறு நிறையும், உடம்பு வளராது. பதப்படுத்தாத தூளில் உப்பும் இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். கலவையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

நல்லது எது என்றால், மருந்து அடிக்காத பழைய தோப்பில் மரத்தடியில் கிடக்கும் இலை மட்கு. மேல் சருகை விலக்கினால் கறுப்பாக, மழை மண் வாசனையோடு உதிரியாக இருக்கும். அதில் இரண்டு பங்கு, இற்றுப்போன கட்டைத் தூள் ஒரு பங்கு, கொஞ்சம் படுகை மண். கட்டை வெளுத்து, விரலால் நசுக்கினால் பஞ்சாக உதிரும் பதத்தில் இருக்க வேண்டும். மா, பூவரசு, வாகை எல்லாம் சரி. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களின் அடிக்கட்டைகள் வேதாரண்யத்திலிருந்து பட்டுக்கோட்டை வரை கொல்லைகளில் இன்னும் கிடந்தால், இந்த வேலைக்கு நன்றாகப் பழுத்திருக்கும். தஞ்சாவூர் நர்சரிகளில் விற்கும் மண்புழு உரம் கொஞ்சம் கலக்கலாம். பாதி மட்கிய சாணி எருவைக் கலக்காதீர்கள். சூடு கிளம்பும், வாயுவும் வரும்.

சருகில் மாவிலை மெதுவாக மட்கும், நெடுநாள் வரும். பூவரசும் பலாவும் சீக்கிரம் மென்மையாகும், குட்டி முதலில் அரிப்பது அந்த மாதிரி இலையைத்தான். நாட்டு வாதாம் இலை இரண்டுக்கும் நடுத்தரம். வேப்பிலை, புங்கிலை, யூக்கலிப்டஸ் மூன்றும் வேண்டாம். வேம்பும் புங்கும் நாமே பூச்சி விரட்டப் பயன்படுத்துகிறோம், அதை வளர்ப்புப் பூச்சிக்குப் போடுவதில் அர்த்தம் இல்லை.

கொண்டுவந்த சருகில் பூரான் வந்துவிடும் என்ற பயம் நியாயமானதே. கொதிநீரில் போட்டால் எல்லாம் சாகும், நல்ல நுண்ணுயிர் உட்பட. மொட்டைமாடியில் இரண்டு நாள் நன்றாகக் காயவைத்து, உதறி, பிறகு நனைத்துப் போடுவதே போதும் என்பது என் கட்சி. கட்டையில்தான் ஒளிந்துகொள்ளும், அதை உடைத்துப் பார்த்துப் போடுங்கள். மண்ணில் பொடிப்பொடியாகத் துள்ளும் வெள்ளைப் பூச்சிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பூஞ்சையைத் தின்கிற உபகாரிகள் அவை.

ஈரத்துக்கு அளவு சொல்வதென்றால், கைநிறைய அள்ளிப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. மண் ஆழம் குறைந்தது நாலைந்து விரற்கடையாவது இருக்கட்டும். குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் வாடை அடித்தால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுத் தெளியுங்கள். குட்டிப் பெட்டியில் தண்ணீர்க் கிண்ணம் வைக்காதீர்கள், விழுந்தால் ஏறத் தெரியாது.

சாப்பாட்டில் பெரிய ஒப்பீடு எதுவும் தேவையில்லை. முக்கால்வாசி மண்ணும் சருகுமே சாப்பாடு. வாரம் ஒரு தடவை தோல் சீவிய வெள்ளரி, பூசணி, சர்க்கரைவள்ளித் துண்டு, மறுநாள் எடுத்துவிட வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு முதல் தரம். நாகை, காரைக்கால் கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும், நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டுச் சுரண்டிப் போடுங்கள். கிடைக்காவிட்டால் முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடிக்கலாம், அதுவும் நல்லதே. கிளிஞ்சலை இடித்துப் போடலாம், ஆனால் அதே கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய வெற்றிலைச் சுண்ணாம்பு கூடவே கூடாது. அது பொத்துவிடும். கருவாட்டுத் துண்டு போட்டால் புரதம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உப்பு இவற்றுக்கு விஷம்.

கடைசியாக எறும்பு. மென்மையான குட்டிகளை எறும்பு விட்டுவைக்காது. எறும்பு சாக்பீஸ், எறும்புப் பொடி இரண்டும் பூச்சிக்கொல்லிகள்தான், பெட்டி இருக்கும் அறையிலேயே வேண்டாம். பால் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைக்கிற பழைய சமையலறை வழக்கமே இதற்கும் சரி. டப்பாவைச் செங்கல்லின்மேல் வைத்து, செங்கல்லைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்பதால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தட்டைத் தேய்த்து வேறு தண்ணீர் விட வேண்டும். பொங்கலுக்கு ஒரு வாரம் ஊருக்குப் போனால் குட்டிகளுக்கு ஒன்றும் ஆகாது, போகும்போது ஈரம் சரியாக இருந்தால் போதும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுக்கும்போது, பெட்டியைத் திறக்க வேண்டாம், அந்தத் தட்டுத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.